அவிழ்க்காத பூண்டுப் பை

அண்ணே, பூண்டுப் பையின் முடிச்சு அவிழ்க்கப்படாமல் இருந்தது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். அண்ணிக்குப் பால் ஊறப் பூண்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்று அம்மா அந்த வலைப்பையை வாங்கி வந்து, சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு, அண்ணியையும் பிள்ளையையும் அழைத்து வர நேற்றுச் சாயங்காலம் உங்களோடு மாயவரத்துக்குக் கிளம்பிவிட்டாள். இன்று காலை அது மாட்டியபடியே தொங்கியது. ஒரு பல்கூட யாரும் உரிக்கவில்லை. ஆனால் உள்ளறையில் தூளி கட்டுகிற கொக்கியைத் துடைக்கப் போனபோது அறை முழுக்கப் பூண்டு வாசனை. பச்சைப் பூண்டு மாதிரி இல்லை. எண்ணெயில் வதக்கி, மூடி வைத்து, மறந்துபோன பூண்டு மாதிரி. அதற்கு அடியில் மீன் கழுவிய தண்ணீர் மாதிரி இன்னொன்று. நான் சமையலறைக்குப் போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். திரும்ப உள்ளறைக்கு வந்தேன். திரும்பச் சமையலறைக்குப் போனேன். காலையிலிருந்து இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

இது அப்பாவின் கடிதம். எழுதுகிற கை மட்டும்தான் என்னுடையது என்று அப்பா சொல்கிறார். கண் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அதனால் பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நாற்காலியை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டிருக்கிறார். காலையில் நான் வாசனையைச் சொன்னதும் உங்களுக்குப் போன் போட்டார். "காரு பார்த்துக்கிட்டிருக்கேன்ப்பா, வந்து பேசிக்கலாம்" என்றீர்கள். அதற்கப்புறம் எடுக்கவில்லை. "போன்ல சொன்னா கட் பண்றான். காகிதத்த எப்படிக் கட் பண்ணுவான்னு பாப்போம். பேனா எடு பாப்பா" என்றார். நலம், நலமறிய ஆவல் என்று முதலில் எழுதச் சொன்னார். எழுதினேன். கொஞ்ச நேரம் மழையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அத அடிச்சிடு. நலமா இருந்தா நான் ஏன் எழுதப் போறேன்" என்றார். அடித்துவிட்டேன். அப்பா சொல்வதை மட்டும் எழுதினால் கடிதம் கால் பக்கம்தான் வரும். கோபம் வந்தால் அவருக்குப் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். எனக்குப் பேச்சே வராது. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் அப்பா சொல்லாததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு, நம்மைப் போல வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கொட்டகை போட்டு மூட்டை அடுக்கியிருக்கிற எல்லோருக்கும் இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று அப்பா சொல்கிறார்.

அப்பா ஒரு காலத்தில் உலையில் வேலைக்கு நின்ற கதையை நீங்கள் என்னைவிட அதிகம் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் இன்று அவர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார். வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் பளிங்குக் கல்லும் கோக் கரியும் பழைய இரும்புத் துண்டும் கலந்து மேலிருந்து கொட்டுவார்களாம். பனைமரத் தடிமனில் மூன்று கரித் தூண்கள் உள்ளே இறங்கி நிற்குமாம். அதில் கரண்டு பாய்ந்தால் தரையே உறுமும், காதால் கேட்பதற்கு முன்னால் கால் பாதத்துக்குத் தெரியும் என்கிறார். உலையின் வாயை அடைத்திருக்கிற களிமண்ணை நீளக் கம்பியால் குத்தித் திறந்தால் வெள்ளையாக ஓடிவரும். ஆறியதும் சம்மட்டியால் உடைத்து, சலித்து, மூட்டை பிடிப்பார்கள். அதுதான் சிலிக்கான். வேறு உலையில் மாங்கனீஸ். "நாங்க இரும்பு செய்யல தம்பி, இரும்புக்கு மருந்து செஞ்சோம்" என்று எழுதச் சொன்னார். உருகிய எஃகுக்குள் காற்று மாட்டிக்கொண்டு சோற்றுப் பானை மாதிரி பொங்கிக்கொண்டிருக்கும், இந்த மருந்தைப் போட்டால் அந்தக் காற்றை அது வாங்கிக்கொள்ளும், பொங்குவது அடங்கும், போடாமல் விட்டால் உள்ளே ஓட்டை விழுந்து, வளைக்கிற இடத்தில் கம்பி முறியும். ஊரில் எழும்புகிற ஒவ்வொரு மாடிக்குள்ளேயும் ஒரு பிடி நம்ம வீட்டுச் சிலிக்கான் இருக்கிறது என்று கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி வீட்டில் நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். அப்பா அதை இன்னும் மறக்கவில்லை. எழுதும்போது சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு மணி என்ன என்று கேட்டார்.

உங்கள் இடது முழங்கைத் தழும்பைப் பற்றியும் எழுதச் சொல்கிறார். நீங்கள் கம்பி மில்லில் சேர்ந்த புதிதில், மழை நாளில், ஈர மூட்டையைப் பிரித்து ஒரு தட்டு அள்ளி உருகிய எஃகில் போட்டீர்கள். அது வெடித்து மேலே தெறித்தது. உங்கள் பக்கத்தில் நின்றவர் இழுக்காவிட்டால் முகத்தில் பட்டிருக்கும். அன்றிலிருந்து ஈரச் சிலிக்கானைக் கண்டால் உங்களுக்குப் பயம். நெருப்புக்குப் பக்கத்தில் மட்டும்தான் பயம். நெருப்பு இல்லாத இடத்தில் ஈர மூட்டை சும்மா ஈர மூட்டைதானே என்று நினைத்துவிட்டீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. சுட்ட இடத்தைத்தானே கை ஞாபகம் வைத்திருக்கும்.

எனக்கு அந்தக் கொட்டகையைக் கொடுத்தது நீங்கள்தான். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொல்வார்கள். எனக்கு வாய் திறக்காது. வகுப்பே காத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் பாதி வழியில் திரும்பி வந்தேன், பிறகு போகவில்லை. அம்மா அழுதாள், அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நீங்கள்தான், "விடுங்க, அவ கூடப் பேசாத வேலையா நான் குடுக்கறேன்" என்றீர்கள். நீங்கள் அப்போதுதான் மில் வேலையை விட்டுவிட்டு, உலைகளில் மிஞ்சுகிற பொடியும் சிறு கல்லும் வாங்கிச் சலித்து மில்களுக்குப் போட ஆரம்பித்திருந்தீர்கள். உட்காரத் தேங்காய்நார் மெத்தை வைத்த முக்காலி, கைக்கு எட்டுகிற இடத்தில் ரேடியோ, கோணி ஊசி, சணல். கசடு வேறு, சிலிக்கான் வேறு என்று பிரிப்பேன். வெள்ளி மாதிரி மின்னும், கையில் எடுத்தால் கனமே இருக்காது, அதுதான் சிலிக்கான் என்று கற்றுக்கொண்டேன். மூட்டை வாய் தைப்பேன். யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அந்தக் கொட்டகையைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் இதுதான். வேறு ஒன்றுமில்லை.

போன வாரம் மில்லுக்குப் போன லோடு திரும்பி வந்ததை வீட்டில் நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டாக் இருக்கட்டும்னு எடுத்து வந்தேன் என்றீர்கள். ஆனால் மூட்டைகளின் தையல் என் தையல். சணல் ஊறிக் கறுத்திருந்தது. கீழவாஞ்சூர் ரோட்டில் நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்போது தார்ப்பாய் கிழிந்து நனைந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஈரச் சரக்கை எந்த மில்லும் வாங்காது. காயட்டும் என்று கொட்டகையில் அடுக்கினீர்கள். அதற்குள் குழந்தை வருகிற நாள் குறித்தாகிவிட்டது. கொட்டகையின் கறுப்புத் தூசி குழந்தை மேல் படக் கூடாது, சாரல் மூட்டை மேல் படக் கூடாது என்று, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துகளையெல்லாம் பிளாஸ்டிக் பை வைத்து அடைத்தீர்கள். ஏணியில் நின்று ஒவ்வொரு ஓட்டையாகத் தேடித் தேடி அடைத்தீர்கள். நான்தான் கீழேயிருந்து பை எடுத்துக் கொடுத்தேன். பிறகு கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். ஒரே ஒரு சந்து மட்டும் மிச்சம். உள்ளறைச் சுவரின் உச்சியில், கொட்டகைப் பக்கம் திறக்கிற காற்றுத் துவாரம். அதில் ஒரு வேட்டித் துணியைத் தொங்கவிட்டீர்கள். கொட்டகையில் இருக்கிற காற்று வெளியே போக இப்போது அந்த ஒரு வழிதான். அதற்கு நேர் கீழேதான் தூளிக் கொக்கி.

பூட்டுவதற்கு முந்தின நாள் நான் உங்களிடம் சொன்னேன். எத்தனை நேரம் நின்று சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியாது. "அண்ணே, கொட்டகையில பூண்டு நாத்தம் வருது" என்றேன். நீங்கள் போனில் யாரோடோ பேசிக்கொண்டே, "உங்க அண்ணி வரான்னு கொட்டகைக்கே தெரிஞ்சுபோச்சா" என்று சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிள்ளை பெற்றவள் வரப்போகிற வீட்டில் பூண்டு மணந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைவலி. கொட்டகையில் உட்கார்ந்து தைத்தால் வரும், வாய்க்கால் பக்கம் போய் நின்றால் போய்விடும். ரத்தம் இல்லை, முருங்கைக்கீரை சாப்பிடு என்றாள் அம்மா. சாப்பிட்டேன். துவாரத்துக்குக் கீழே பல்லி ஒன்று செத்துக் கிடந்தது. கூட்டித் தள்ளினேன். பல்லி சாகாதா என்ன.

அப்பாவுக்கு வாசனையே தெரியாது. கொரோனாக் காய்ச்சலில் போன மூக்கு திரும்பி வரவில்லை. அதனால்தான் அவர் கூடத்திலேயே இருந்தும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை நான் உள்ளறைக்கும் சமையலறைக்கும் நடந்ததைக் காலடிச் சத்தத்தில் கேட்டு, என்ன என்று கேட்டார். சொன்னேன். பூண்டா, பூண்டு மாதிரியா என்று கேட்டார். மாதிரி என்றேன். அப்பா எழுந்து நின்றுவிட்டார். உலையில் இருந்த காலத்தில், மழை நாளில், லாரி டிரைவர் ஒருவர் தார்ப்பாய்க்குள் சிலிக்கான் மூட்டை மேலேயே படுத்துத் தூங்கினாராம். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதற்கப்புறம் மழைக்காலத்தில் சிலிக்கான் கிடங்குக் கதவைச் சாத்தவே மாட்டார்களாம். இரண்டு கதவுக்கும் கல் முட்டுக் கொடுத்துத் திறந்தே வைப்பார்கள். வாட்ச்மேன் வெளியே குடை பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே போகிறவர் வாசலில் நின்று வெற்றிலை போட்டு மென்று துப்பிவிட்டுத்தான் போக வேண்டும், அதுவரைக்கும் காற்றாட விட வேண்டும். உள்ளேயிருந்து வாடை வந்தால், சிலிக்கான் சமைக்குது, சாப்பாட்டுக்கு உக்காரலாம் என்று கேலி பேசுவார்களாம். ஏன் கதவைத் திறந்து வைக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

நான் போனில் தேடினேன். தமிழில் போட்டால் ஒன்றும் வரவில்லை. மூட்டையில் அச்சடித்திருக்கிற ஆங்கிலப் பெயர் எனக்கு மனப்பாடம். தினமும் அதன் மேல்தானே தைக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு, ஈரம் என்பதையும் சேர்த்துப் போட்டேன். வந்ததில் பாதி புரியவில்லை. ஆனால் பூண்டுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்குத் தெரியும். இஞ்சி பூண்டு விழுது பாக்கெட்டில் இருக்கும். அதற்கடுத்து வந்த சொல்லும் தெரியும். எலி மருந்து டப்பாவில் சிவப்பில் போட்டிருக்கும், விஷம் என்று. ஈரம் பட்டால் இந்தச் சரக்கிலிருந்து கிளம்புகிற காற்றே விஷம். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர், "பூட்ட உடை" என்றார்.

கட்டி உடைக்கிற சுத்தியல் வெளியே தொட்டி ஓரமாக இருந்தது. அப்பா தான் உடைப்பதாகச் சொல்லி எழுந்தார். கண்ணுக்கு ஆகாது என்று நான் அவரை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தேன். அப்பாவை நான் அப்படித் தொட்டதே இல்லை. பூட்டு உங்கள் பூட்டு, சீக்கிரம் உடையவில்லை. கதவைத் தள்ளிவிட்டு வாசல் வேப்பமரம் வரைக்கும் ஓடிப்போய் மழையில் நின்றேன். அங்கே நின்றும் வாடை தெரிந்தது. பிறகு துரட்டியால் கூரைச் சந்தில் இருந்த பிளாஸ்டிக் பைகளை வெளியிலிருந்தே இழுத்துப் போட்டேன். நான் கொடுத்த பைகள்தான். இப்போது கிழக்கேயிருந்து சாரல் நேராக மூட்டை மேல் அடிக்கிறது. உங்கள் சரக்கு இன்னும் நனைகிறது. நனைந்தால் இன்னும் வாடை கிளம்பும். கதவைச் சாத்தினால் அது அறைக்குள் போகும். திறந்தால் மூட்டை ஊறும். நான் போய்ப் பாதி சாத்துகிறேன், திரும்ப ஓடிப்போய்த் திறக்கிறேன். மூட்டையை எடுத்துப் போட லோடுமேன் வேண்டும். தீபாவளி முடிந்து இன்னும் ஒருவரும் வேலைக்குத் திரும்பவில்லை. மூட்டை போகிற வரைக்கும் அந்த அறை அறை இல்லை.

இதற்கப்புறம் உள்ளதை அப்பா சொன்னபடியே எழுதுகிறேன். "தம்பி, நீ இப்ப ஒரு பிள்ளைக்கு அப்பன். நான் உனக்கு அப்பனானப்ப எனக்கும் எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. பிள்ளைக்காக எதையாவது மூடு, அடை, பூட்டுன்னு கை பரபரக்கும். மூடறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாரு. வீட்ல யாராவது ஒண்ணு சொன்னா, போன கீழ வச்சிட்டுக் கேளு. சின்னக் குரல்ல சொன்னாலும் கேளு." கடைசி வரியை எழுதும்போது நான் தலையைத் தூக்கவில்லை. கார் வந்ததும் வாசலிலேயே இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுக்க வேண்டும், படித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்கிறார்.

ஆனால் அண்ணே, நான் அதை நினைத்துப் பார்த்தேன். கார் வந்து நிற்கும். பக்கத்து வீட்டு அக்காக்கள் ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள். குழந்தை அழும். அண்ணி நனைந்திருப்பார். நான் காகிதத்தை நீட்டுவேன், நீங்கள் அப்புறம் பார்க்கிறேன் என்று சட்டைப் பையில் வைப்பீர்கள். என் வாய் திறக்காது. கதவு உள்ள அறை நம் வீட்டில் அது ஒன்றுதான், பால் கொடுக்க வேண்டும் என்று அம்மா குழந்தையை நேராக அங்கே தூக்கிக்கொண்டு போவாள். பூண்டு மணக்கும். அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள் நடந்துவிடும். இத்தனை பக்கம் எழுதியது யாருக்கு?

அப்பாவிடம் சொன்னேன், அவர்கள் கிளம்புவதற்குள் மாயவரத்துக்குச் சொல்லிவிடலாம் என்று. அப்பா தயங்கினார். உங்கள் போன் எடுக்கவில்லை, அம்மா போன் வழக்கம்போல அலமாரியில் கிடக்கிறது. அண்ணி வீட்டுக்குத்தான் பேச வேண்டும். "நல்ல நாள் பாத்து வச்சிருக்கு. பொண்ண அனுப்பாதீங்கன்னு நம்ம வாயால எப்படிச் சொல்றது? சம்பந்தி வீட்ல என்னன்னு எடுத்துக்குவாங்க? காரணம் என்னன்னு சொல்றது, மூட்டை நாறுதுன்னா?" என்றார். உலைக்கு முன்னால் நின்றவருக்கு இதற்கு மட்டும் கால் எழவில்லை. பாவமாக இருந்தது. உங்கள் கல்யாணமாகி இத்தனை நாளில் அண்ணியின் அம்மாவிடம் நான் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அவர் வந்தால் தண்ணீர் செம்பைக் கதவோரம் வைத்துவிட்டு ஓடிவிடுவேன். அவருக்கு நான் ஊமை என்று ஒரு சந்தேகம் உண்டு, நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். ராகுகாலம் முடிந்ததும் கிளம்புவதாகச் சொன்னீர்கள். சுவரில் இருக்கிற கடிகாரத்தை அப்பாவால் பார்க்க முடியவில்லை. என்னால் முடிகிறது.

இவ்வளவு எழுதிவிட்டு எழுந்தேன். அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு, கொட்டகைக் கதவு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் நின்றேன். அந்தப் பக்கம் அண்ணியின் அம்மாதான் எடுத்தார், யாரு என்று கேட்டார். மழைச் சத்தம் அதிகமாக இருந்தது. மெதுவாகப் பேசினால் கேட்காது.

"அத்தை, நான் நெரவியிலேருந்து பேசுறேன், மாப்பிள்ளையோட தங்கச்சி. அண்ணியையும் பிள்ளையையும் இன்னைக்கு அனுப்பாதீங்க" என்றேன்.